மூன்றாம் மாடி மேஜை

அத்தியாயம் 14

புனேயிலிருந்து சித்தார்த் பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வேணி பயணப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கவும் இல்லை, அதை மறக்கவும் இல்லை.

"வீடு பெருசா வாங்கியாச்சும்மா. உங்க ரெண்டு பேருக்குன்னே ஒரு ரூம். ஜன்னலைத் திறந்தா எதிர்ல மலை. அப்பா ரிட்டயர் ஆனதும் கிளம்பி வந்துடுங்க" என்றிருந்தான் மகன்.

பீமராவ் போனை வாங்கி, நிதானமாகத்தான் பதில் சொன்னார். "முதலாளி இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லிட்டாருப்பா. எக்ஸ்டென்ஷன். கம்பெனியை விட்டுட்டு எப்படி வர்றது?"

அது சித்திரையில். இப்போது ஆவணி. பீமராவ் தினமும் காலையில் சாப்பாட்டுப் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு துவாக்குடிக்குக் கிளம்பினார். பாய்லர் சாமான் செய்யும் கம்பெனியில் அட்மின் மேனேஜர். ஸ்ரீரங்கத்திலிருந்து அவ்வளவு தூரம் போய் வருவது இந்த வயதில் சிரமம்தான். ஆனாலும் சாயங்காலம் வரும்போது சட்டை கசங்காமல் வந்தார். அதை வேணி கவனித்தாள். கவனித்து, நல்லதுதானே என்று விட்டுவிட்டாள்.

மலையை மட்டும் விடவில்லை. அரிசி களையும்போது, துணி மடிக்கும்போது, அந்த ஜன்னலை மனசுக்குள் ஒருதரம் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திவிடுவாள்.

இன்றைக்கு வேலை வேறு. மகள் யாழினி, சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருந்தது போதும் என்று சொந்தமாக ஆபீஸ் போடுகிறாள். திருவானைக்காவலில், புகுந்த வீட்டு மாடி அறையில், வருகிற வெள்ளிக்கிழமை திறப்பு. அதற்குச் சாமான் வாங்க வேண்டும். அப்பாவும் கூட வர வேண்டும் என்று யாழினி கெஞ்சிப் பார்த்தாள்.

"ஆடிட்டிங் நடக்குதும்மா. எந்திரிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, வேணி கட்டிக்கொடுத்த கத்தரிக்காய் சாதத்தோடு பீமராவ் கிளம்பிவிட்டார்.

மாம்பழச்சாலையில் பஸ் நின்றதும் யாழினி ஏறி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் பாலத்தில் ஏறியது. காவேரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர். புதுப் பாலத்துக்கு எழுப்பிய தூண்களைச் சுற்றிச் சுழித்துக்கொண்டு போனது. வேணிக்குக் கண்ணைத் திறந்தபடியே வேறு ஊருக்குப் போய்வரும் பழக்கம் உண்டு. தண்ணீர் ஓடுகிறதா, பஸ் ஓடுகிறதா என்று தெரியாத அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் ஒரு ரயிலில் இருந்தாள். ஜன்னலோரம் தெரியாத ஊர்ப் பலகைகள் ஓடின.

"அம்மா, இறங்கணும்" என்று யாழினி தோளைத் தொட்டபோதுதான் திருச்சிக்குத் திரும்பி வந்தாள்.

தில்லைநகரில் நாலு மாடிக் கடை. எந்தக் கடை என்று யாழினி பஸ்ஸில் வரும்போதுதான் முடிவு செய்தாள். ஒரு ஆபீஸுக்கு வேண்டியதெல்லாம் ஒரே கூரையின் கீழ் என்று வாசலில் எழுதியிருந்தது. கண்ணாடிக் கதவு தானாக விலகியதும், வெளியே அடித்த வெயிலை யாரோ துடைத்தெடுத்த மாதிரி குளுமை. புதுக் காகிதத்தின் வாசனை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது வீட்டுக்குள் வருமே, அதே வாசனை. அது ஒரு கட்டிடம் முழுக்க நிறைந்து நின்றது.

யாழினி ஒரு கூடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வேணி பின்தங்கினாள்.

கீழ்த்தளத்தில் ஒரு சுவர் முழுக்கப் பேனா. வானவில்லைக் குச்சி குச்சியாக ஒடித்து அடுக்கியது போல. அதன் கீழே, எழுதிப் பார்க்க ஒரு வெள்ளை அட்டை. வந்தவர்கள் எல்லாரும் கிறுக்கியிருந்தார்கள். பாதிப் பேர் தங்கள் பேரை எழுதியிருந்தார்கள். ஒருவர் பிள்ளையார் சுழி போட்டிருந்தார். ஒரு கையெழுத்து, அதற்குக் கீழே அதே கையெழுத்து இன்னும் அழகாக. வேணி ஒரு பச்சைப் பேனாவை எடுத்தாள். கை என்ன எழுதியது என்று எழுதி முடித்த பிறகுதான் பார்த்தாள். 'புனே.'

சட்டென்று பேனாவை மூடி வைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை.

"அம்மா, எனக்குக் கேஸ் கட்டு கட்டுற டேக், ஃபைல், பேப்பர்னு நிறைய இருக்கு. நேரமாகும்" என்று திரும்பி வந்து சொன்னாள் யாழினி. "நீ மூணாவது மாடிக்குப் போய் நாற்காலி பாரேன். எனக்கில்ல. கேஸ் விஷயமா வர்றவங்க உக்கார. அழுதுக்கிட்டு வருவாங்கம்மா. முதுகு சாயறதுக்கு வாகா இருக்கணும்."

"எனக்கு என்னடி தெரியும் அதெல்லாம்?"

"உக்காந்து பாரு. உனக்கு எழுந்திரிக்க மனசு வரலைன்னா அது நல்ல நாற்காலி."

லிஃப்ட் ஏறியது தெரியவே இல்லை. கதவு திறந்தபோது வேணி ஒரு ஊருக்குள் காலெடுத்து வைத்தாள்.

ஆமாம், ஊர்தான். ஆபீஸ்களால் ஆன ஊர். அந்த மாடி முழுக்கச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மேஜை, நாற்காலி, அலமாரி, சுவரில் படம். மேஜைமேல் வயர் இல்லாத டெலிபோன். அலமாரியில் உள்ளே பக்கமே இல்லாத, வெறும் அட்டைப் புத்தகங்கள். வாடவே வாடாத செடிகள். சுவரில் தொங்கிய கடிகாரம் அத்தனையிலும் பத்து மணி பத்து நிமிஷம். எல்லா ஆபீஸும் திறந்திருந்தது. ஒருவரும் வேலைக்கு வரவில்லை. தரையில் விரித்த கம்பளம் காலடிச் சத்தத்தை விழுங்கியது. வேணி தன் நடை தனக்கே கேட்காமல் நடந்தாள்.

ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். இன்னொன்றில் உட்கார்ந்தாள். அது லேசாகப் பின்னுக்குச் சாய்ந்து அவளைத் தாங்கிக்கொண்டது. கண்ணை மூடினாள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"டிராயரை முழுசா இழுத்துப் பாருங்க தம்பி. பாதியில நின்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. நாளைக்கு உள்ள கையை விட்டுத் துழாவிக்கிட்டு இருப்பீங்க."

வேணி கண்ணைத் திறக்கவில்லை. கனவில் வீட்டுக் குரல் கேட்பது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் குரல் மறுபடி வந்தது.

"மேஜை அகலத்தைப் பாத்து மயங்காதீங்க. எதிர்ல உக்காந்திருக்கறவங்க முகம் தெரியற தூரத்துல இருக்கணும். அதுதான் அளவு."

எழுந்து, உயரமான அலமாரி ஒன்றின் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தாள்.

மூலையில் கண்ணாடித் தடுப்புப் போட்ட பெரிய அறை. ஒரு பக்கம் அகலமான ஜன்னல். தேக்கு நிறத்தில் வளைந்த மேஜை. அதன் பின்னால் கறுப்பு நிறச் சுழல் நாற்காலியில், காலையில் அவளே இஸ்திரி போட்ட நீலக் கட்டம் போட்ட சட்டையில், பீமராவ். பக்கத்து ஸ்டூலில் சாப்பாட்டுப் பை.

எதிரே நின்றிருந்த இளம் தம்பதி தலையாட்டினார்கள். "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து மேஜையின் டிராயரை இழுத்துப் பார்க்கப் போனார்கள். பீமராவ் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மடித்து வைத்திருந்த பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.

வேணி அலமாரி ஓரத்திலேயே நின்றாள்.

"எக்ஸிகியூட்டிவ் டேபிள் பாக்குறீங்களாம்மா?" பக்கத்தில் கடைச் சீருடையில் ஒரு பெண். சட்டையில் பிரான்சி என்று பேர். "அங்க உக்காந்திருக்காரு பாருங்க, அந்த சார்கிட்ட கேளுங்க. எங்களைவிட நல்லா சொல்லுவாரு."

"அவரு... இங்க வேலை பாக்குறவரா?"

பிரான்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தாள். "இல்லம்மா. பொண்ணுக்கு ஆபீஸ் வைக்கணும், நாற்காலி வேணும்னு ஒருநாள் வந்தாரு. உக்காந்து பாத்தாரு. அப்படியே சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தாரு. மறுநாளும் வந்தாரு. இப்ப தினமும் வர்றாரு. நாங்க மேனேஜர் சார்னு கூப்பிடுவோம்."

"உங்க முதலாளி ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்த சொல்றது? அவரு உக்காந்த மேஜையெல்லாம் வித்துப் போயிடுதும்மா. வர்றவங்க பாக்குறாங்க, சாருக்கு நல்லா இருக்கே, நமக்கும் நல்லா இருக்கும்னு தோணுது போல. வித்ததும் அடுத்த மேஜைக்கு மாறிக்குவாரு. போகும்போது துடைச்சு வச்சிட்டுத்தான் போவாரு." யாரோ கூப்பிட, பிரான்சி அந்தப் பக்கம் போனாள்.

கோபம் வர வேண்டும் என்று வேணிக்குத் தெரிந்தது. வருகிறதா என்று பார்த்தாள். வந்தது வேறொன்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனிதர் ஆபீஸுக்குப் போகிறார். அந்த ஆபீஸ் வாசலை அவள் மிதித்ததில்லை. வீட்டில் அவர் பனியனோடு கண்ணாடியைத் தேடி அலைகிறவர், மோர் புளித்துவிட்டது என்கிறவர். இப்படி முதுகு நிமிர்ந்து, இப்படி ஒரு மிடுக்கான குரலில், நாலு பேர் கேட்டு நடக்கும்படி பேசுகிற பீமராவை அவள் இன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். நன்றாகத்தான் இருந்தார்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"வாங்க, உக்காருங்க" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். "என்ன மாதிரி மேஜை வேணும்?"

வேணி எதிரே உட்கார்ந்தாள். "மேஜை வேண்டாங்க. ஒரு புகார் சொல்லணும்."

பேப்பர் தாழ்ந்தது. பீமராவ் முகம் வெளிற அவளைப் பார்த்தார். பாதி எழுந்தார்.

"உக்காருங்க சார்" என்றாள் வேணி. "என் வீட்டுக்காரரைக் காணோம்."

அவர் நின்றபடியே அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. மெல்ல உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். பிறகு, தம்பதியிடம் பேசிய அதே குரலில் கேட்டார்.

"எப்பலேந்து காணோம்?"

"அதுதாங்க தெரியல. தினம் காலைல சாப்பாடு வாங்கிட்டுப் போறாரு. சாயங்காலம் டப்பாவைக் காலி பண்ணிக் கொண்டாந்து வைக்கிறாரு. நடுவுல ஆளு எங்க போனாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

"வீட்டுல ஏதாவது சண்டையா?"

"சண்டை போட்டாத் தேவலையே. எதுவும் சொல்லலைங்க. சொல்லாமப் போற அளவுக்கு நான் என்ன செஞ்சேன்னுதான் கேக்க வந்தேன்."

பீமராவ் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அத்தோடு அந்த ஆபீஸர் போய்விட்டார். எதிரே இருந்தது வீட்டு மனிதர்.

"சித்திரை கடைசியிலேயே முடிஞ்சிருச்சு வேணி. எக்ஸ்டென்ஷனும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாலை போட்டு, சால்வை போத்தி அனுப்பிட்டாங்க. சால்வையை வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டேன். மாலையைப் பாலத்துல நின்னு காவேரியில போட்டுட்டு வீட்டுக்கு வந்தேன்."

"அன்னிக்கு ராத்திரி வந்து ரசம் நல்லா இருக்குன்னீங்க."

"நல்லாத்தான் இருந்துச்சு."

வேணி நாற்காலியை மேஜைக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"ஏன்?"

அவர் மேஜையின் வழவழப்பைத் தடவினார். "எங்கப்பா காந்தி மார்க்கெட்டுல மூட்டை தூக்கினாரு. உனக்குத் தெரியும். அவரு பேரைச் சொல்லி பிச்சைன்னு கத்திக் கூப்பிட்டா கமிஷன் மண்டி வரைக்கும் கேக்கும். அவரு நாற்காலியில உக்காந்து நான் பாத்ததே இல்ல. எனக்கு வேலை கிடைச்ச முதல் நாள், லோடு இறக்கிட்டு அழுக்குத் துண்டோட துவாக்குடிக்கு பஸ் ஏறி வந்துட்டாரு. உள்ள வரல. ஜன்னலுக்கு வெளியில நின்னு, நான் உக்காந்திருக்கறதைப் பாத்துட்டுப் போயிட்டாரு." கொஞ்சம் நிறுத்தினார். "புனேக்குப் போனா நான் என்ன வேணி? கொரியர் வந்தா கதவைத் திறக்கறவன். பையன் ஆபீஸ் போகும்போது டாட்டா காட்டறவன். எழுந்திரிச்சதும் அந்த மலையையே பாத்துக்கிட்டு இருக்கணும். ஒரு வருஷம்னு சொன்னா, அதுக்குள்ள சித்தார்த் மறந்துருவான்னு நெனச்சேன்."

"நான்?"

"நீயா?"

"நான் மறந்துருவேன்னு நெனச்சீங்களா?"

பீமராவ் விழித்தார். அந்த வாக்கியத்தின் மறுபக்கத்தில் ஒரு ஆள் நிற்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது போல.

"நீ எனக்காகத்தானே சரின்னு..."

"யாருக்காகவும் இல்லைங்க. எனக்காக." வேணியின் குரல் உயரவில்லை. "திருவானைக்காவல்ல பொறந்தேன். ஸ்ரீரங்கத்துல வாழ்க்கைப்பட்டேன். ஒரு கோபுரத்தடியிலேந்து கிளம்பி இன்னொரு கோபுரத்தடியில வந்து இறங்கிட்டேன். அதுதான் என் பிரயாணம். அதிகம் போனா சமயபுரம். அந்தப் பையன் மலைன்னு சொன்ன நாள்லேந்து எனக்குத் தூக்கத்துல மலை வருது. இதை உங்ககிட்ட நான் சொல்லல. நீங்க வேலை முடிச்சு வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன். வேலைக்கே போகாத ஆளுக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கேன்."



"எந்திரிங்க" என்றாள்.

"எங்க போகணும்?"

"எங்கயும் இல்ல. நான் அதுல உக்காரணும்."

பீமராவ் எழுந்து விலகினார். வேணி மேஜையைச் சுற்றி வந்து சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். உயரம் அதிகம், கால் தரையில் எட்டவில்லை. ஒரு கையால் மேஜையை லேசாகத் தள்ளினாள். நாற்காலி சத்தமில்லாமல் சுழன்று ஜன்னல் பக்கம் திரும்பியது.

திருச்சி முழுக்கக் கீழே கிடந்தது. தகரக் கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், நடுவே மலைக்கோட்டை. அதற்கு அப்பால் வெயிலில் உருகி ஓடுகிற மாதிரி ஆறு. ஆற்றுக்கும் அப்பால், தென்னைப் பச்சையின் மேல், கட்டைவிரல் உயரத்தில் ராஜகோபுரம். அதன் காலடியில்தான் அவள் வீடு. அவள் அடுப்பு, அவள் துணிக்கொடி. இவ்வளவு வருஷமும் கழுத்தை நிமிர்த்தித்தான் அதைப் பார்த்திருக்கிறாள். இவ்வளவு சின்னதா அது? இவ்வளவு அழகா? தன் ஊரை வெளியிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. பார்க்கப் பார்க்க, அதைப் பிரிந்து போகலாம் என்றும் தோன்றியது, திரும்பி வரலாம் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே சமயத்தில் தோன்றும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"நான் போறேங்க" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடியே. "மழைக்காலம் முடியற வரைக்கும் இருந்துட்டு வரேன்."

"தனியாவா?"

"நீங்க இங்க தனியாத்தானே வந்துக்கிட்டு இருக்கீங்க?"

பீமராவ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "புள்ளைங்களுக்குத் தெரிய வேண்டாம் வேணி. வெள்ளிக்கிழமை திறப்பு வேற. என்னைத்தான் ரிப்பன் வெட்டச் சொல்லியிருக்கா. அவ முன்னாடி நான் எப்படி..."

"நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சொல்லாம இருக்கறது நம்ம வீட்டுல எல்லாருக்கும் வருதே. எனக்கு மட்டும் வராதா?"

லிஃப்ட் மணி ஒலித்தது.

யாழினி வெளியே வந்தாள். ஒரு கையில் நிரம்பி வழியும் கூடை. இன்னொரு கையில், முகத்துக்கு முன்னால் நீட்டிய செல்போன்.

"பாருடா, மாடி முழுக்க ஆபீஸ். நீ புனேல வேலை பாக்குற ஆபீஸைவிடப் பெருசு" என்று போனிடம் பேசிக்கொண்டே வந்தாள். "அம்மாவை நாற்காலி பாக்க அனுப்பினேன். எங்கயாவது உக்காந்து தூங்கியிருப்பாங்க. அம்மா!"

பீமராவ் அலமாரிப் பக்கம் ஒதுங்கப் பார்த்தார். எல்லாப் பக்கமும் கண்ணாடி. ஒதுங்க இடம் இல்லை.

வேணி நாற்காலியிலிருந்து இறங்கி வெளியே போய் மகளின் கையிலிருந்து போனை வாங்கினாள். திரையில் சித்தார்த் சிரித்தான். அவனுக்குப் பின்னால் ஒரு ஜன்னல். மேகம் இறங்கியிருந்ததால் மலை தெரியவில்லை.

"சித்தார்த், டிக்கெட் போடுப்பா. தீபாவளிக்கு முன்னாடி வர்ற மாதிரி."

"அம்மா! நிஜமாவா? ரெண்டும் கீழ் பெர்த்தா பாத்துப் போடறேன்."

"ஒண்ணு போதும்."

"ஒண்ணா? அப்பா வரலையா? லீவு குடுக்க மாட்டேங்கறாங்களா?"

யாழினி இதற்குள் கண்ணாடி அறைக்குள் நிற்பவரைப் பார்த்துவிட்டாள். கூடை ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு ஃபைல் நழுவிக் கம்பளத்தில் விழுந்தது. "அப்பா?" என்றாள், கேள்வியாகவும் இல்லாமல், கூப்பிடுவதாகவும் இல்லாமல்.

"அம்மா, லைன்ல இருக்கியா? அப்பாவுக்கு என்னம்மா?" என்றது போன்.

கொடுத்த வாக்கு வாக்குதான். வேணி அறைக்குள் போய், போனை மேஜையின் நடுவில், வயர் இல்லாத டெலிபோனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பையன் கேக்குறான்" என்றாள். அவ்வளவுதான்.

பீமராவ் கதவருகே நின்ற மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது. அதில் அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே போனைக் கையில் எடுத்தார்.

"சித்தார்த், அப்பாதான்டா பேசறேன்" என்றார். "ஆபீஸ்லேந்து இல்ல."